மேகத்தில் ஒட்டிய மச்சான்

வெள்ளைத்துரை முதன்முதலாகச் செத்தது ராஜபாளையத்தில். கோவில்பட்டியிலிருந்து காலை பஸ் ஏறி, இரண்டு தகர டின் நிறையக் கடலைமிட்டாயோடு இறங்கி, வழக்கமாகக் குடிக்கிற கடையில் போய் நின்று "ஒரு டீ, சக்கரை கம்மி" என்று அவர் சொல்ல, மாஸ்டர் அவரைத் தாண்டி எல்லாருக்கும் டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரு கிளாஸை யாருக்கும் கொடுக்காமல் பலகை ஓரத்தில் வைத்து, அதைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல மனுசன், சக்கரை கம்மியாத்தான் குடிப்பாரு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அப்போதுதான் எதிர்ச்சுவரில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் போர்டை வெள்ளைத்துரை பார்த்தார். கண்ணீர் அஞ்சலி போர்டு. செத்தது யாரோ ஒரு ரைஸ்மில் முதலாளி, அவர் படம் நடுவில் இருந்தது. அவர் தலைக்கு மேலே, வெள்ளை மேகத்துக்குள்ளே, வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, மீசையை முறுக்கிவிட்டுச் சிரித்தபடி இருந்தது வெள்ளைத்துரையின் முகம். அவர் அந்த டீயை எடுத்துக் குடித்தார். சூடாகத்தான் இருந்தது.

முகத்தைக் கொண்டுபோய் அங்கே வைத்த புண்ணியவான் அவருடைய தங்கச்சி செண்பகத்தின் புருசன் சங்கரபாண்டி. கோவில்பட்டியில் கல்யாண மண்டபத்துக்கு எதிரே ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தான். காதுகுத்து, சடங்கு, கட்சி மாநாடு, சாவு என்று ஊரில் நடந்த எல்லாவற்றுக்கும் போர்டு அடித்தவன் அவன்தான், ஆனால் அடித்த எந்தப் போர்டிலும் அவன் பேர் இருக்காது, கீழே மூலையில் கடையின் போன் நம்பர் இருக்கும், அதையும் ஆணி அடிக்கிறவன் மடித்து அடித்துவிடுவான். இந்த வயிற்றெரிச்சலோடுதான் அவன் டிசைன்களை இன்டர்நெட்டில் விற்கப் போனான். யாரோ வெள்ளைக்காரன் நடத்துகிற சந்தை அது, அதன் பெயர் நம் வாயில் நுழையாது. டிசைனை ஏற்றிவிட்டால் எந்த ஊர்க்காரனும் வாங்கிக்கொள்ளலாம், விற்ற காசில் சதையைச் சந்தைக்காரன் தின்றுவிட்டு எலும்பை இவனுக்கு எறிவான்.

அவன் முதலில் ஏற்றிய கண்ணீர் அஞ்சலி டிசைனில் மாதிரிப் படமாகச் செத்துப்போன தன் அப்பாவைத்தான் வைத்திருந்தான். சந்தைக்காரன் திருப்பி அனுப்பிவிட்டான். படத்தில் இருப்பவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டுமாம். என் அப்பா செத்துப்போனார் என்று இவன் எழுதினான். உங்கள் துயரத்தில் பங்கெடுக்கிறோம், அவருடைய கையெழுத்தை வாங்கி அனுப்பவும் என்று அங்கிருந்து பதில் வந்தது. மனுசன் எழுதினானா மிசின் எழுதியதா, யார் கண்டது. ஆகவே சாவு போர்டுக்கு உயிரோடு ஒரு ஆள் தேவைப்பட்டது.

மச்சானுக்கு லட்சணமான முகம். நெற்றி அகலம், மீசை அடர்த்தி, சிரித்தால் கன்னத்தில் குழி விழும். போனை நீட்டியதும் கண்ணாடி போட்டுப் படித்துப் பார்க்கவெல்லாம் இல்லை, விரலாலேயே கையெழுத்தைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டு, மீசை நல்லா விழுந்திருக்கா மாப்ளே என்று மட்டும் கேட்டார். சங்கரபாண்டி அவரை நடுவில் ஒருமுறை தெளிவாக வைத்தான். மேலே மேகத்தில் இன்னொருமுறை, பெரிதாக, வெளிறலாக வைத்தான். செத்தவரை இப்படி இரண்டு தடவை வைப்பது நம் பக்கத்து வழக்கம், மேகத்தில் முகம் இல்லாவிட்டால் செத்தவர் நல்லகதி அடைந்த மாதிரியே யாருக்கும் தோன்றாது. நடுப்படத்தை வாங்குகிறவர்கள் மாற்றிக்கொள்ளத் தோதாகத் தனியே வைத்தவன், மேகத்தையும் அதிலிருந்த முகத்தையும் பிரிக்க முடியாதபடி ஒரே லேயராகச் சேர்த்து அமுக்கிவிட்டான். கம்ப்யூட்டர் கிழடு, ஃபைல் கனமாக இருந்தால் முனகும், அதனால் செய்தான். வேறு கெட்ட எண்ணம் ஒன்றும் அப்போது இல்லை.

சாவு போர்டு என்பது பிணத்தைத் தூக்குவதற்குள் கட்டியாக வேண்டிய சமாச்சாரம். வாங்கிய கடைக்காரர்கள் அவசரத்தில் நடுப்படத்தை மாற்றினார்கள், பேரை மாற்றினார்கள், மேகத்தைத் தொட முடியவில்லை, விட்டுவிட்டார்கள். எங்கெல்லாம் அந்த மேகம் கட்டப்பட்டதோ அங்கெல்லாம் வெள்ளைத்துரை செத்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து போர்டை அவிழ்த்து ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்ட பிறகும் செத்தவராகவே இருந்தார். போர்டை அவிழ்த்தால் செத்தவர் எழுந்து வந்துவிடுவாரா என்ன?

சந்தையில் லைசன்ஸ் மூன்று தட்டு. பர்சனல் என்றால் ஒரு வீட்டுக்கு, ஒரு சாவுக்கு. அதில் வாங்கினால் வெள்ளைத்துரை ஒரு தெருவுக்கு மட்டும் செத்தார், அடுத்த தெருவில் திரும்பினால் "வாங்க அண்ணாச்சி" என்று கூப்பிட்டுச் சரக்கு எடுத்தார்கள். கமர்ஷியல் என்றால் கடைக்காரன் ஒருதடவை வாங்கி வருகிற சாவுக்கெல்லாம் அடித்துக்கொள்ளலாம், அதில் ஊரே போய்விடும். அருப்புக்கோட்டை அப்படிப் போனது, சிவகாசி போனது, விளாத்திகுளம் போனது. எல்லாவற்றுக்கும் மேலே எக்ஸ்டெண்டட் என்று ஒன்று இருந்தது. வாங்கியவன் அதை எதில் வேண்டுமானாலும் போடலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அதைச் சங்கரபாண்டியிடம் அதுவரை ஒருவனும் வாங்கியதில்லை, ஆகவே அது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

செத்த ஊர்களில் வெள்ளைத்துரையை யாரும் பார்த்துப் பயப்படவில்லை. அவர் அங்கே செத்தவர் தெரிகிற மாதிரி தெரிந்தார், ஓரக்கண்ணில், ஒரு நினைப்பு வந்துபோகிற மாதிரி. பேசினால் காதில் விழாது. கொஞ்சநேரம் ஒரே இடத்தில் நின்றால் அங்கே இருக்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும், ஒரு இலையில் வெற்றிலையோ வடையோ வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் பக்கத்து ஆளை நகர்ந்து உட்காரச் சொல்வார், டிக்கெட் கேட்கமாட்டார். சங்கரபாண்டி அந்த மேகத்தை அடிக்காமல் விட்டிருந்த கோவில்பட்டியில் மட்டும் இதைப் பற்றிப் பெரிய பேச்சாக இருந்தது, அதுவும் ஒரு வாரம்தான். பிறகு ஊர் தன் காரியத்தைப் பார்க்க ஆரம்பித்தது. அண்ணாச்சி சிவகாசிக்குத்தானே போறீக, அங்க செத்துப்போன எங்க வீட்டுக்காரர் நடமாடினா பெட்டிச் சாவி எங்கன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க என்று ஒரு அம்மா சொல்லிவிட்டாள். நம்ம செத்தா நாலு பேர் தேறுவானா, இவருக்குப் பாரு ஊர் ஊரா அழுவுறான் என்று டீக்கடையில் பொறாமைப்பட்டார்கள். மிட்டாய்க் கம்பெனி முதலாளி மட்டும் வெளிப்படையாகவே சொன்னார், செத்தவர் கையில் சரக்கு வாங்கி எந்தக் கடைக்காரனும் விற்கமாட்டான், நீர் வீட்டில் இரும் என்று.

வெள்ளைத்துரைக்கும் முதலில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அருப்புக்கோட்டையில் கூடவே ஒன்பதாம் வகுப்பு படித்த சிநேகிதர் ஒருவர் அவரை ஓரக்கண்ணில் பார்த்துவிட்டு, கல்லாப்பெட்டியில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுததையும், தான் பக்கத்தில் நின்று அவர் முதுகைத் தடவியதையும், அவர் அழுகையை நிறுத்தாததையும் பார்த்த பிறகு அந்தப் பெருமை போய்விட்டது.

சங்கரபாண்டி சும்மா இருந்தான் என்று சொல்ல முடியாது, பாவம் பழி நமக்கு வேண்டாம். மேகத்தை வெறும் மேகமாக்கிப் புது டிசைன் ஏற்றினான். ஏற்கெனவே உள்ள ஒருவருடைய படைப்பைப் போலவே இருக்கிறது, பிறர் உழைப்பைத் திருடாதீர்கள் என்று சந்தைக்காரன் கண்டித்தான். அந்தப் பிறர் நான்தான் ஐயா என்று இவன் எழுதியதற்கு, உங்கள் பொறுமைக்கு நன்றி என்று பதில் வந்தது. பழையதை எடுத்துவிடலாமா என்று கேட்டான். எடுக்கலாம், ஆனால் வாங்கியவர்களுக்கு உரிமை என்றென்றும் உண்டு என்றார்கள். வாங்கியவர்களோ ஒற்றை நட்சத்திரம் போட்டு, மேகத்தில் யாரோ ஒரு ஆள் இருக்கிறார், அழிக்க முடியவில்லை என்று திட்டி எழுதினார்கள். திட்டிக்கொண்டே வாங்கவும் செய்தார்கள். அவன் ஏற்றிய நூற்றுக்கணக்கான டிசைன்களில் ஓடியது அது ஒன்றுதான், அதன் பக்கத்தில் தங்கநிறத்தில் ஒரு ரிப்பன் வேறு ஒட்டியிருந்தார்கள். அந்த ரிப்பனை அவன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினான்.

இந்த நிலைமையில்தான் வெள்ளைத்துரையின் மகள் சுபலெட்சுமிக்குத் தேனியில் மாப்பிள்ளை அமைந்தது. பெண்டாட்டி போனபோது பிள்ளைக்குப் பால்குடி மறக்கவில்லை. அவர் அவளை மிட்டாய் டின்மேல் உட்காரவைத்து பஸ் பஸ்ஸாக ஏற்றி இறக்கி, அருப்புக்கோட்டையில் ஒரு கடையில் பால் வாங்கிக் கொடுத்து, சாத்தூரில் ஒரு கடையில் தலை பின்னக் கற்றுக்கொண்டு, அப்படி வளர்த்த பிள்ளை. மணமேடையில் அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைப்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை. நிச்சயம் முடிந்த மறுநாள் அவர் கடைக்கு வந்து சங்கரபாண்டியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எல்லா ஊர்லயும் செத்துக்கிடுறேன் மாப்ளே. தேனியில மட்டும் என்னைய விட்டுரு. பிள்ளையப் பிடிச்சுக் குடுத்துட்டு அங்கயும் செத்துக்கிடுறேன்."

சங்கரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது. கல்யாணம் முடிகிறவரை ஒருத்தனுக்கும் விற்கமாட்டேன் என்று சங்கரன்கோவில் ஆத்தா மேல் சத்தியம் செய்து, அவர் கண் முன்னாலேயே டிசைனை யாருக்கும் தெரியாதபடி மறைத்தும் வைத்தான்.

மறைத்துவைத்ததும் தங்க ரிப்பன் போய்விட்டது. அவன் தினமும் காலையில் அது இருந்த இடத்தைத் திறந்து பார்த்தான். பிறகு ஒருநாள் சந்தையிலிருந்து செய்தி வந்தது: நீங்கள் மறைப்பதற்கு முன்பே உங்கள் படைப்புக்கு எக்ஸ்டெண்டட் உரிமை கேட்டு ஒரு வாடிக்கையாளர் காத்திருக்கிறார், சம்மதம் என்றால் இங்கே தொடவும். அவன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். இத்தனை வருசம் கண்ணைக் கெடுத்து உட்கார்ந்தவன், எலும்பைப் பொறுக்கியவன், சொந்த டிசைனைத் திருடினான் என்று பேர் வாங்கியவன், ஒற்றை நட்சத்திரக்காரன்களுக்கெல்லாம் சார் போட்டுப் பதில் எழுதியவன், அவனைத் தேடி மேல்தட்டு வந்திருக்கிறது. வாங்குகிறவர் எந்த ஊர் என்று அதில் இல்லை. ஆனால் கீழே கேள்வி கேட்க ஒரு கட்டம் இருந்தது. எந்த ஊர் என்று அந்தக் கட்டத்தில் அடித்தான். அடித்ததைக் கொஞ்சநேரம் பார்த்தான். தமிழ்நாட்டில் எத்தனையோ மாவட்டம் இருக்கிறது, தேனிதானா வந்து வாங்கப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடித்ததை அழித்துவிட்டு, சம்மதத்தைத் தொட்டான், படுபாவி.

தேனிதான். வாங்கிய ஆள் பெரிய அச்சாபீஸ் வைத்திருந்தார், மேகம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. காலண்டரில் போட்டார், பொங்கல் வாழ்த்தில் போட்டார், ஜவுளிக்கடைப் பைகளில் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தப் பட்டு எடுத்துக்கொண்டு கடையிலிருந்து வெளியே வந்தவர்கள், கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டு, ஐயோ சம்பந்தி போயிட்டாரே என்று வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதார்கள். கம்பத்தில் அழுதார்கள், போடியில் அழுதார்கள், ஏலக்காய் மூட்டை இறக்குகிறவர்கள்கூட வேலையை நிறுத்தித் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தார்கள்.

மறுநாள் வேன் பிடித்து கோவில்பட்டிக்குத் துட்டி கேட்க வந்தார்கள். வெள்ளைத்துரைதான் கதவைத் திறந்தார், வாங்க சம்பந்தி என்று கும்பிட்டார். அவர்கள் அவரைக் கடந்துபோய் செண்பகத்தின் கையைப் பிடித்து அழுதார்கள். அழுதவர்கள் எந்த ஊருக்கு வந்தாலும் அழுதவர்கள்தானே. எங்க அப்பா உயிரோடதான் இருக்காரு, உங்க பக்கத்துலதான் நிக்காரு என்று சுபலெட்சுமி சொன்னாள். மாமியாராகப் போகிறவள் அவளைக் கட்டிக்கொண்டு, எனக்கும் எங்கப்பா போனப்ப அப்படித்தாம்மா இருந்துச்சு என்றாள். தங்கமான ஜனங்கள், ஒரு குறை சொல்ல முடியாது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையென்று சீர்கூட வேண்டாம் என்றார்கள். கல்யாணத்தைக் கோவில்பட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம், அத்தையும் மாமாவும் மேடையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்கட்டும் என்றார்கள். வெள்ளைத்துரை ஒவ்வொருவர் முன்னாலும் தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டே வந்தார். யாரும் வாங்கவில்லை.

அவர்கள் போன பிறகு சுபலெட்சுமி மாமனைத் தேடிக் கடைக்கு வந்தாள். மண்டப வாசலில் கட்டும் கல்யாண போர்டு அவன்தான் அடிக்கப்போகிறான் என்று அவளுக்குத் தெரியும். அப்பா பேருக்கு முன்னால் திரு என்றுதான் இருக்க வேண்டும், செத்தவர்களுக்குப் போடுகிற தெய்வத்திரு என்று மட்டும் போட்டால் கழுத்தை நீட்டமாட்டேன் என்றாள். தேனிக்காரர்கள் எப்படியும் நினைத்துக்கொள்ளட்டும், என் கண்ணுக்கு அவர் இருந்தால் போதும், என் கையை அவர்தான் பிடிப்பார் என்றாள். திருதான் போடுவேன் தாயி என்று சங்கரபாண்டி அவள் தலையைத் தொட்டுச் சொன்னான்.

அன்றைக்கே மாப்பிள்ளையின் அப்பா போனில் வந்தார். போர்டு விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது, அழுத்தம் திருத்தமாகப் பேசினார். செத்தவருக்குத் திரு போட்டால் எங்கள் மாவட்டமே அழுததற்கு என்ன அர்த்தம், நாங்கள் கிறுக்கர்களா, இல்லை ஆள் உயிரோடு இருந்தால் சாவை வைத்து ஏமாற்றிய குடும்பமா நீங்கள், அப்படிப்பட்ட குடும்பத்தில் எங்களுக்குப் பெண் வேண்டாம் என்றார். அதன்பிறகு குரலைத் தணித்து, பத்திரிகை அடித்தாகிவிட்டது, போட்டோ அனுப்புகிறேன் பாருங்கள் என்றார். சங்கரபாண்டி பார்த்தான். கன்னிகாதானம் செய்து கொடுப்பவர்: திரு. சங்கரபாண்டி, டிசைனர். சரிகை எழுத்தில், மாப்பிள்ளை பேருக்குச் சமமான அளவில் இருந்தது. அவன் வாழ்நாளில் அவன் பேர் அச்சில் வந்தது அதுதான் முதல்தடவை. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

உண்மையை அவன் ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நான்தான் விற்றேன், எந்த ஊர் என்று கேட்காமல் விற்றேன் என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லியிருந்தால் கல்யாணம் நின்றிருக்குமோ நடந்திருக்குமோ, அவனுடைய சரிகை எழுத்து நிச்சயமாகப் போயிருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் கல்யாண போர்டு ரெடியானது. வெள்ளைத்துரை கடையில்தான் இருந்தார், பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில், கையில் டீ கிளாஸோடு. பந்திக்குச் சமைக்க எந்தத் தவசுப்பிள்ளை, மேளம் எந்த ஊர் என்று பேசிக்கொண்டே இருந்தார். சங்கரபாண்டி திரு. வெள்ளைத்துரை என்று அடித்தான். அப்படியே கொஞ்சநேரம் விட்டுவைத்தான். பிறகு அம்புக்குறியை முன்னால் கொண்டுபோய் தெய்வத் என்று சேர்த்தான். மேலே மேகமும் வைத்தான், பழைய ஃபைலில் தயாராகத்தான் இருந்தது. திரை மச்சான் பக்கம் திரும்பாமல் உடம்பால் மறைத்துக்கொண்டான். மிசின் அடித்து முடித்ததும் சுருட்டி ஆட்களிடம் கொடுத்து எதிரே மண்டப வாசலுக்கு அனுப்பினான்.

"மாப்ளே, நாளைக்கு நான் பட்டு வேட்டி கட்டவா, இல்ல அந்த எட்டு முழம் வெள்ளையே கட்டவா? பிள்ளைக்கு எது பிடிக்கும்னா" என்று வெள்ளைத்துரை கேட்டுக்கொண்டிருந்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் கயிற்றை இழுத்தார்கள், போர்டு விரிந்து நிமிர்ந்தது. பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று சங்கரபாண்டியின் காதில் விழவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஸ்டூல்மேல் பாதி டீயோடு கிளாஸ் இருந்தது, ஓரக்கண்ணில் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்த மாதிரி இருந்தது, தொண்டையை அடைத்தது. தெருவில் போன பூக்காரி போர்டைப் பார்த்து நின்று, மகராசன் மக கல்யாணத்தப் பாக்கக் குடுத்து வைக்கலையே என்று மூக்கைச் சிந்தினாள். கொஞ்சநேரத்தில் கோவில்பட்டி முழுக்க அதையே சொன்னது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. கழுத்தை நீட்டமாட்டேன் என்ற பிள்ளை, போர்டுக்கு முன்னால் நின்று, அப்பா இருந்து பார்க்கலையே என்று தேம்பினாள், சொந்தக்காரப் பெண்கள் மை கலையாமல் துடைத்துவிட்டார்கள். சங்கரபாண்டி பட்டு வேட்டி கட்டி மேடையில் உட்கார்ந்து தாரை வார்த்தான். சுபலெட்சுமியின் கையைப் பிடித்தபோது அந்தக் கைமேல் ஏற்கெனவே ஒரு கை இருந்த மாதிரி கதகதப்பாக இருந்தது. அவன் அதன்மேலேயே தன் கையை வைத்து அழுத்திப் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுத்தான். போட்டோக்காரன் இன்னொருதடவை என்று கேட்டான், இன்னொருதடவையும் கொடுத்தான்.

மறுவீட்டுக்கு வந்தபோது அவள் மாமனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மாமா, வருசம் திரும்பினா அப்பாவுக்குத் திதி குடுக்கணும்ல. நாள் கேக்குறாக. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன், அப்பா எந்தக் கிழமை போனாருன்னு எனக்கு ஞாபகமே வரமாட்டேங்குது. பெத்த பிள்ளைக்கு இப்படியா மறக்கும்? உங்களுக்காவது தெரியுமா?"

மற்ற எல்லாருக்கும் மறந்திருந்தது. செய்தவனுக்கு மட்டும் மறக்கவில்லை. புதன்கிழமை, சாயங்காலம், டீ குடிக்கும்போது, வேட்டியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது.

"தெரியலையே தாயி" என்றான் சங்கரபாண்டி.

நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுப்பது வழக்கம், அவள் அப்படியே செய்தாள். வருசத்துக்கு ஒன்று போதும் என்று மாமியார் சொல்லியும் கேட்காமல் மாதா மாதம் தேனி வீட்டு மொட்டைமாடியில் இலை போட்டு, சோறு வைத்து, ஓரத்தில் ஒரு கடலைமிட்டாயும் வைத்துக் கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கீழே இறங்கிவிடுவாள். செத்தவர் சாப்பிடும்போது பார்க்கக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கோவில்பட்டியிலிருந்து தேனிக்கு அமாவாசை காலை பஸ்ஸில் கண்டக்டர் ஜன்னலோரத்து சீட் ஒன்றில் யாரையும் உட்கார விடுவதில்லை. அந்த வீட்டுப் பக்கம் காக்கா வருவதை நிறுத்திவிட்டது, அது வருவதற்குள் இலை காலியாகிவிடுகிறது.